கடலூரிலிருந்து சிதம்பரம் வரை: எழுதப்படாத ஒரு மனு

கடலூர் என்றதும் பலருக்கும் முதுநகர்த் துறைமுகமும், வெள்ளிக் கடற்கரையும், 2004 ஆழிப்பேரலையும், 2011 தானே புயலும் நினைவுக்கு வரும். நமக்கோ அது உறவினர் ஊர்களுக்குப் போகும் வழி. பரங்கிப்பேட்டைக்குச் செல்பவர்களும் லால்பேட்டைக்குச் செல்பவர்களும் அந்தப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர் அருந்திவிட்டு நகர்வதே வழக்கம். நானும் இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் நகர்ந்து கொண்டிருந்தேன்.

இம்முறை பரங்கிப்பேட்டையில் லாத்தா மகளுக்கு நிச்சயதார்த்தம். உடன் வந்தவள் சட்டக் கல்லூரியில் பயிலும் என் மகள். விழா மாலையில்தான். "வாப்பா, காலையிலேயே புறப்பட்டால் கடலூரையும் சிதம்பரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றாள். கோயிலையோ பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையோ பார்க்க விரும்புகிறாள் என்று எண்ணினேன். அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் வேறு இடங்கள் இருந்தன. காவல்துறையினரே குற்றவாளிக் கூண்டில் ஏற நேர்ந்த வழக்குகளின் மண்ணைக் காண விரும்பினாள் அவள்.

கெடிலக் கரையில்

முதலில் தேவனாம்பட்டினம் சென்றோம். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் செயின்ட் டேவிட் கோட்டையின் எஞ்சிய பகுதிகள் இருக்கின்றன. 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிய கோட்டை இது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பிறகு, சில ஆண்டுகள் இங்கிருந்துதான் ஆங்கிலேயர் தென்னாட்டு அலுவல்களை நடத்தினர். 1756-இல் இராபர்ட் கிளைவ் இக்கோட்டையின் ஆளுநராக வந்தார்.

அதே கிளைவ் இந்தியாவில் குவித்த செல்வத்தைப் பற்றி 1773-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் விசாரித்தது. முடிவில், அவர் நாட்டிற்குப் பெருந்தொண்டு ஆற்றினார் என்று தீர்மானம் போட்டு விட்டுவிட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களை விசாரிப்பதும், பின்னர் அவர்களுடைய தொண்டை நினைவுகூர்ந்து விட்டுவிடுவதும் நேற்று இன்று தொடங்கிய வழக்கம் அன்று.

மகள் இன்னொரு செய்தியும் சொன்னாள். சென்னை மாகாணத்தில் குடியானவர்களைச் சித்திரவதை செய்து வரி வாங்குகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களை மரச் சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் ஆகிய கொடுமைகள் அதில் பதிவாயின. வரி வசூலிக்கும் கையும் காவல் அதிகாரம் உள்ள கையும் ஒன்றாக இருந்ததே இதற்கு இடம் கொடுத்தது. 1859-இல் சென்னை மாகாணத்திற்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1872 சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது. அடித்து வாங்கிய சொல்லுக்கு மதிப்பில்லை என்று சட்டம் சொல்லி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அடி நிற்கவில்லை.

கிட்டி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனம் துணுக்குற்றது. அதன் காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

நீதிமன்ற வாயிலில்

கடலூர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கிகளும், கட்டுக் கட்டாகக் காகிதங்களும், மரநிழலில் காத்திருக்கும் கிராமத்து முகங்களும் நிறைந்திருந்தன. ஒரு மூதாட்டி மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை நொடிக்கொரு முறை தொட்டுப் பார்த்துக் கொண்டார். அதில் இருந்தவை அவருடைய வழக்குத் தாள்களாகத்தான் இருக்க வேண்டும்.

2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தை வாசகர் பலரும் அறிவர். அதன் மூலக் கதை இம்மாவட்டத்தில் நடந்தது. அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். 1993 மார்ச் மாதம், விருத்தாசலம் வட்டாரத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளி, நகைத் திருட்டு ஒன்றில் ஐயத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். படத்தில் இருளராகக் காட்டப்பட்ட அவர் உண்மையில் குறவர் சமூகத்தவர். அவரும் உறவினரும் நிலையத்தில் அடிக்கப்பட்டனர். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டார் என்று காவலர்கள் கூறினர்.

அவருடைய மனைவி அதை நம்பவில்லை. எழுத்தறிவோ, பணமோ, பெரிய மனிதரின் துணையோ இல்லாத அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என் கணவர் எங்கே? அக்கேள்வி இடதுசாரி இயக்கத்தினர் வழியாக வழக்கறிஞர் கே. சந்துருவிடம் போய், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாயிற்று. இவரே பின்னர் அந்த நீதிமன்றத்தின் நீதிபதியானவர். எல்லை தாண்டி மீன்சுருட்டிப் பகுதியில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் ராஜாக்கண்ணுவே என்பது விசாரணையில் வெளிவந்தது. தப்பி ஓடியவராகக் காகிதத்தில் உலவியவர், காவலில் கொல்லப்பட்டவர் என்று நிறுவப்பட்டார். காவலர்கள்மீது கொலை வழக்கு நடந்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அவர்களுடைய குற்றம் நிலைபெற்றது. இதற்குள் 13 ஆண்டுகள் ஓடிவிட்டன.

"மனுவை யார் எழுதிக் கொடுத்தாலும், கேள்வியைக் கேட்டது அந்தம்மாதானே வாப்பா?" என்றாள் மகள். நான் தலையசைத்தேன்.

சிதம்பரம் சாலையில்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிப்காட் ஆலைகளின் நெடியைக் கடந்தால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சாலை தெற்கு நோக்கி ஓடுகிறது. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வயல்வெளி. பேருந்தில் அமர்ந்தபடி மகளிடம் கேட்டேன்: "மனித குலத்திற்கு எதிரான குற்றம் என்று செய்தித்தாளில் வருகிறதே, அது என்னம்மா?"

அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ஒரு காவலர் ஒருவரைக் கொன்றால் அது கொலை. குடிமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ தாக்குதல் நடக்கும்போது, அதை அறிந்தே அதன் பகுதியாகக் கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை போன்றவற்றைச் செய்தால், அது மனித குலத்திற்கு எதிரான குற்றம் எனப்படும். 1945-இல் நூரம்பர்க் நீதிமன்றத்தின் சாசனத்தில் இச்சொல் இடம்பெற்றது. 1998-இல் ரோம் நகரில் உருவான உடன்படிக்கையின்படி இதற்கென நிரந்தர அனைத்துலக நீதிமன்றம் அமைந்தது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதை உறுதி செய்து சட்டமாக்கும் வேலை முடியவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் இக்குற்றத்திற்குப் பெயரே கிடையாது. 1984-இல் டில்லியில் சீக்கியர் கொல்லப்பட்ட வழக்கொன்றில், 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த டில்லி உயர் நீதிமன்றம் இக்குறையைச் சுட்டிக்காட்டி, விரைந்து சரிசெய்ய வேண்டும் என்றது. பின்னர் வந்த பாரதிய நியாய சட்டத்திலும் அது சேர்க்கப்படவில்லை.

இதே உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பு நம் இல்லங்களில் மறக்கப்படலாகாது. 1987 மே 22 அன்று மீரட் நகரின் ஹாஷிம்புரா பகுதியிலிருந்து முஸ்லிம் ஆண்களை உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையினர் லாரியில் ஏற்றிச் சென்று சுட்டுக் கால்வாயில் வீசினர். சுமார் 40 பேர் மாண்டனர். அன்றிரவே வழக்குப் பதிவு செய்யச் செய்தவர் காசியாபாத் காவல் கண்காணிப்பாளர் விபூதி நாராயண் ராய். அவரும் காக்கி உடுத்தவர்தாம். 2015-இல் கீழ் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டில்தான் 16 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இடையில் 31 ஆண்டுகள். குற்றம் சாட்டப்பட்ட 19 பேரில் மூவர் அதற்குள் இறந்துவிட்டனர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். யாழ்ப்பாணம் மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர் கொல்லப்பட்ட வழக்கில், 2015-இல் ஓர் இராணுவச் சார்ஜண்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பால் அவர் வெளியே வந்தார். மறுபுறம், சிரியாவின் உளவுத்துறைக் கர்னலாக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு, டமாஸ்கஸ் சிறைக் கொடுமைகளுக்காக ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை வழங்கியது. அகதிகளாக அங்கே வந்து சேர்ந்தவர்களே சாட்சி சொன்னார்கள். எங்கோ நடந்த கொடுமைக்கு எங்கோ தீர்ப்பு. சாட்சிகள் மறக்காமல் இருந்ததே அதற்குக் காரணம்.

அண்ணாமலை நகர்

சிதம்பரத்தில் இறங்கி லால்கான் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். உண்டபின் இரயில் பாதையைக் கடந்து அண்ணாமலை நகருக்கு நடந்தோம். 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகம். மாணவர்களின் மிதிவண்டிகளும் நிழல் மரங்களும் கண்ணுக்கு இதமாக இருந்தன. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்த ஊர்வலத்தில் காவலரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் ராஜேந்திரனுக்கு இங்கே சிலை உண்டு.

இதே அண்ணாமலை நகரின் காவல் நிலையத்தில் 1992 ஜூன் மாதத் தொடக்கத்தில் நடந்ததற்குச் சிலை ஏதும் இல்லை. திருட்டு ஐயத்தின் பேரில் அடைத்து வைக்கப்பட்டிருந்த நந்தகோபால் என்பவரின் மனைவி அந்த நிலையத்தில் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். நந்தகோபால் காவலிலேயே உயிரிழந்தார். அந்தப் பெண்ணின் பெயரை எழுதுவது முறையன்று. ஆனால் அவர் செய்ததை எழுதியே ஆக வேண்டும். நடந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார். மாதர் அமைப்புகள் அவர் பக்கம் நின்றன. வழக்கு நடந்து காவலர்கள் தண்டிக்கப்பட்டனர்.

அதே மாதம் 20-ஆம் நாள், தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடிக் கிராமத்தையே சூறையாடின. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். மத்தியப் புலனாய்வுத் துறை 269 பேர்மீது குற்றம் சாட்டியது: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் கூறியது. சரியாக 12 ஆண்டுகள் கழித்து அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டது. அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

"கம்மாபுரத்திலும் இங்கேயும் நடந்தது ஒரு நிலையத்துக் குற்றம். வாச்சாத்தியில் நடந்தது அரசின் மூன்று கைகள் சேர்ந்து ஒரு மக்கள்மீது நடத்திய தாக்குதல். ஆனாலும் நம் சட்டம் இரண்டையும் தனித்தனி ஆட்களின் குற்றமாகத்தான் எண்ணுகிறது. ஏவியவர், தெரிந்தும் தடுக்காதவர், இவர்கள் எல்லாம் எளிதில் வெளியே நிற்கிறார்கள். பெயர் வைக்காத குற்றத்தின் குறை அதுதான் வாப்பா" என்றாள் மகள்.

அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும் என்ற விதியைப் பற்றியும் கேட்டேன். கடமையைச் செய்பவரை வீண் வழக்கிலிருந்து காக்கவே அவ்விதி வந்தது. நடைமுறையில் அனுமதிக் கோப்பு ஆண்டுக்கணக்கில் உறங்கியது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில், 120 நாட்களுக்குள் அரசு முடிவு செய்யாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். வன்கொடுமை போன்ற குற்றங்களுக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்பது 2013 முதலே சட்டம்.

பரங்கிப்பேட்டையில்

மாலையில் வெள்ளாற்றைக் கடந்து, முட்லூரில் திரும்பிப் பரங்கிப்பேட்டை சேர்ந்தோம். வீட்டு முற்றத்தில் பந்தல். உள்ளே பெண்களின் கலகலப்பு. லாத்தா தேநீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவன் என் சாச்சா மகன். தட்டை இடக்கையால்தான் தாங்கியிருந்தான்.

இனி நான் சொல்ல ஒத்திவைத்ததைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், அவனுக்குப் பத்தொன்பது வயது. ஓர் ஊரில் கடையில் வேலை பார்த்தான். அங்கே ஒரு திருட்டு நடந்தது. அவனை நிலையத்திற்கு அழைத்துப் போனார்கள். மூன்று இரவுகள். பதிவேட்டில் பெயர் இல்லை. நீதிபதியின் முன் கொண்டு செல்லவில்லை. உண்மைத் திருடன் வேறிடத்தில் அகப்பட்டதும் அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவனுடைய வலக்கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை.

குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினோம். அப்போது முப்பது வயதை எட்டியிருந்த நானும் இருந்தேன். "பிள்ளை உயிரோடு வந்ததே போதும். பெரிய இடத்தைப் பகைத்துக் கொள்ள வேண்டாம். நாளைக்கு வீட்டுப் பெண்களுக்குச் சம்பந்தம் பேச வேண்டும்" என்று முடிவாயிற்று. நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு மனுக்கூட எழுதவில்லை. எங்களுக்குப் படிப்பு இருந்தது, கொஞ்சம் வசதி இருந்தது, தெரிந்த வழக்கறிஞரும் இருந்தார். முதனையின் கூலிக்காரப் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

விருந்து முடிந்து இஷாவுக்குப் பிறகு திண்ணையில் அமர்ந்திருந்தோம். மகள் அவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சாச்சா, அன்றைக்கு நடந்ததை யாராவது எழுதி வைத்தார்களா?"

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "தண்டனை கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை காக்கா. ஆனால் எனக்கு அடி விழுந்தது உண்மை என்று ஒரு தாளிலாவது இருந்திருக்கலாம். இந்த ஊரில் பாதிப் பேர் இன்னமும் நான் சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்றுதான் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. சைக்கிள் கதையைக் கட்டியவர்களுள் நானும் ஒருவன்.

அன்றிரவு அவன் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். நாள், நேரம், அறை, அடித்த பொருள், உடன் அடைபட்டிருந்தவர், சிகிச்சை பார்த்த மருத்துவர் என்று ஆறு பக்கங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது வழக்காகுமா என்பது வேறு கேள்வி. எழுத்தில் ஏறியது. கீழே அவன் மெதுவாக வலக்கையால் கையெழுத்திட்டான். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். முப்பது ஆண்டுகள் தாமதமாக.

இல்லத்தார் அறிய வேண்டியவை

வாசகர்களின் இல்லத்தில் யாருக்கும் இத்தகைய நாள் வராதிருக்கட்டும். ஆயினும் சிலவற்றை அறிந்து வைப்பது நலம். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் குற்றவியல் நடுவரின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைது செய்யும் காவலர் பெயர் தெரியும் வில்லை அணிந்திருக்க வேண்டும். நேரமும் நாளும் குறித்த கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பெண்களை விசாரணைக்காக நிலையத்திற்கு வரச் சொல்லக்கூடாது. அவர்கள் வீட்டிலேயே விசாரிக்க வேண்டும். நிலையங்களில் கண்காணிப்புக் காமிரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும்.

ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டு எங்கே என்று தெரியாவிட்டால், அன்றே மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் நாளும் நேரமும் குறித்து எழுத்தில் முறையிடுங்கள். நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்ற வழி திறந்தே இருக்கிறது.

காக்கி உடுத்தவர் எல்லாரும் கொடியவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, தான் கண்டதை நடுவரிடம் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தின் ஒரு பெண் தலைமைக் காவலர். ஒரு தாயான அவர் அச்சத்தைத் தாண்டிச் சாட்சியானார்.

மறுநாள் காலை ஊர் திரும்பும் பேருந்து கடலூர் நிலையத்தில் சற்று நின்றது. வழக்கம்போல் தேநீர் வாங்கினேன். மகளின் கைப்பையில் அந்த ஆறு பக்கங்கள் இருந்தன. நீதிமன்ற மரநிழலில் பிளாஸ்டிக் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த மூதாட்டி நினைவுக்கு வந்தார். அவருடைய வழக்கு என்னவென்று நான் அறியேன். ஆனால் அவர் எழுதியிருக்கிறார், வந்து காத்திருக்கிறார். கண்ணியம் காக்கிறோம் என்று நாங்கள் காத்த மௌனத்தைவிட அவருடைய காத்திருப்பு கண்ணியமானது. நம் இல்லங்களில் இனி அத்தகைய மௌனம் வேண்டாம்.